சிரித்தால் விழுந்துவிடும் வியாதி!

ஒருவன் சிரிக்கிறான். வயிறு குலுங்கச் சிரிக்கிறான். அடுத்த நொடி பொத்தென்று தரையில் விழுகிறான்.

கண் திறந்திருக்கிறது. காது கேட்கிறது. மூச்சு ஓடுகிறது. நினைவும் இருக்கிறது. ஆனால் கையைத் தூக்க முடியவில்லை. காலை மடக்க முடியவில்லை. ஒரு சொல் பேச முடியவில்லை.

ஒரு நிமிடம் போகிறது. எழுந்து உட்காருகிறான். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்து போகிறான்.

"இப்படியும் ஒரு வியாதி உண்டா?" என்று கேட்பீர்கள்.

உண்டு. நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு நிற்கவில்லை. அறியாமையால் ஒரு பாவமும் செய்திருக்கிறேன். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தறிக்குடோனில் நடந்தது

எங்கள் ஊர் வெள்ளகோவில். திருச்சி - கோவை சாலையில், காங்கயத்துக்குக் கிழக்கே இருக்கிறது. பகலிலும் இரவிலும் தறிச் சத்தம் கேட்கும் ஊர்.

18 ஆண்டுகளுக்கு முன்பு நானும் என் சித்தப்பா மகனும் ஒரே தறிக்குடோனில் இரவு வேலை பார்த்தோம். அவனுக்கு அப்போது 19 வயது. கெட்டிக்காரன். பாவு நூல் அறுந்தால் கண் மூடித் திறப்பதற்குள் பிணைத்துவிடுவான். ஆனால் ஒரு குறை. எந்நேரமும் தூக்கம். உட்கார்ந்தால் தூக்கம். சோற்றுத் தட்டின் முன்னாலும் தூக்கம்.

"தூங்குமூஞ்சி" என்றே பெயர் வைத்திருந்தோம்.

ஓர் இரவு 11 மணி இருக்கும். தேநீர் நேரம். எல்லாரும் வெளியே நின்றுகொண்டிருந்தோம். ஒருவர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். தம்பியும் சிரித்தான். முதலில் அவன் தாடை தொங்கியது. தலை ஆடியது. கையிலிருந்த தம்ளர் நழுவியது. முழங்கால் மடங்கியது. விழுந்தான்.

முதலாளி ஓடி வந்தார். "குடிச்சிருக்கானா?" என்று என்னைக் கேட்டார்.

"குடிக்க மாட்டானுங்க. வேலைக்குக் கள்ளம் பண்றான். நடிக்கிறானுங்க" என்றேன்.

அன்றே அவன் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்.

அவன் அப்போது தரையில் கிடந்தான். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவன் காதில் விழுந்துகொண்டிருந்தது. "இல்லை" என்று சொல்ல அவனுக்கு வாய் எழவில்லை. இது எனக்குத் தெரிய 9 ஆண்டுகள் ஆயின.

சிரிக்க மறந்தவன்

அந்த 9 ஆண்டுகளில் என்ன நடந்தது?

சின்னம்மா அவனைக் கோயில் கோயிலாக அழைத்துப் போனார். "காத்துக் கருப்பு பட்டிருக்கு" என்றார் ஒருவர். தாயத்துக் கட்டினார்கள். வேப்பிலை அடித்தார்கள். வலிப்பு என்று சொல்லிச் சிலர் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். ஒரு மருத்துவமனையில் வலிப்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். 2 ஆண்டுகள் தின்றான். பலன் இல்லை.

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். சிரிப்பதை நிறுத்திவிட்டான்!

யாராவது வேடிக்கை பேசத் தொடங்கினால் எழுந்து போய்விடுவான். கல்யாண வீட்டுப் பந்தலில் உட்கார மாட்டான். பழைய நண்பன் எதிரே வந்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவான். சந்தோஷம் வந்தால் விழுவோம் என்ற பயத்தில் சந்தோஷத்தையே விட்டுவிட்டான்.

20 வயதுப் பையன் சிரிக்காமல் வாழ்வதை நினைத்துப் பாருங்கள்.

ஒருநாள் அவன் தங்கை தொலைக்காட்சியில் ஒரு படம் பார்த்தாள். 2014இல் விஷால் நடித்து, திரு இயக்கி வெளிவந்த "நான் சிகப்பு மனிதன்". அதில் கதாநாயகனுக்கு ஒரு விநோத வியாதி. அதிர்ச்சியோ, கோபமோ, மகிழ்ச்சியோ வந்தால் அப்படியே தூங்கி விழுவான்.

"அம்மா, அண்ணனுக்கும் இதுதானோ?" என்றாள் அந்தப் பெண்.

படித்தவர்கள் பலருக்குத் தோன்றாதது அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தோன்றியது. அதன் பிறகுதான் கோவையில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனார்கள். அவர் கேட்ட முதல் கேள்வியே, "சிரிக்கும்போது விழுகிறாயா?" என்பதுதான்.

சினிமாவில் கதைக்காகக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவார்கள். ஆனால் வியாதி உண்மை.

வியாதியின் பெயர் என்ன?

பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் வியாதிக்கு "நார்கோலெப்ஸி" என்று பெயர். அந்த வியாதி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த விழுகையும் சேர்ந்து வரும். உணர்ச்சி பெருகும்போது தசைகள் திடீரெனத் தளரும் இந்த விழுகைக்கு "கேட்டப்ளெக்ஸி" என்று பெயர்.

பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. அடையாளம் தெரிந்தால் போதும்.

முக்கால்வாசி இதைக் கிளப்புவது சிரிப்புதான். தானே வேடிக்கை சொல்லி முடிக்கும் நேரத்திலும் வரும். எதிர்பாராத இடத்தில் பழைய சிநேகிதனைக் கண்டால் வரும். கோபத்திலும் திடுக்கிடும்போதும் வருவது உண்டு.

எல்லாரும் முழுதாக விழுவதில்லை. சிலருக்குத் தாடை மட்டும் தொங்கும். சிலருக்குத் தலை கவிழும். பேச்சு குழறும். கையிலிருப்பது நழுவும். முழங்கால் துவளும். சில நொடிகளிலிருந்து 2 நிமிடம் வரை இருக்கும். பிறகு தானே சரியாகிவிடும். குழந்தைகளுக்கு முகம் தொய்ந்து, நாக்கு வெளியே தள்ளி இருப்பதும் உண்டு. "ஏன் மூஞ்சியைக் கோணுகிறாய்?" என்று அடிக்கும் பெற்றோர் உண்டு.

இது எத்தனை பேருக்கு வரும்? உலகில் சுமார் 2,000 முதல் 4,000 பேருக்கு ஒருவருக்கு நார்கோலெப்ஸி இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் ஒரு நகராட்சியிலேயே சிலர் இருக்க வேண்டும். அவர்கள் எங்கே? "சோம்பேறி" என்றும், "குடிகாரன்" என்றும், "பேய் பிடித்தவள்" என்றும் பெயர் வாங்கிக்கொண்டு நம் நடுவேதான் இருக்கிறார்கள்.

பிரெஞ்சு வியாபாரியின் கதை

இது புதிதாக வந்த வியாதி அல்ல.

பிரெஞ்சு நாட்டில் ஜெலினோ என்று ஒரு டாக்டர் இருந்தார். அவரிடம் 38 வயதுள்ள ஒரு மது வியாபாரி வந்தார். அவருக்கு ஒரு நாளைக்கு 200 தடவை வரை தூக்கம் வந்து அமுக்குமாம்! அது மட்டுமல்ல. வாய்விட்டுச் சிரித்தால் கால் துவளும். நல்ல வியாபாரம் படியப் போகிறது என்று மனம் குளிர்ந்தாலும் கால் துவளும். சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்துவிட்டால் கை அசையாது. அந்தச் சீட்டை இறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்!

பாவம், அவருக்கு அதிர்ஷ்டமே எதிரி.

1880இல் ஜெலினோ இதை எழுதினார். நார்கோலெப்ஸி என்ற பெயரையும் அவர்தான் வைத்தார். அவருக்கு 3 ஆண்டுகளுக்கு முன்பே, 1877இல், ஜெர்மனி டாக்டர் வெஸ்ட்பால் இதே போன்ற நோயாளியைப் பற்றிச் சொல்லியிருந்தார்.

ஆனால் காரணம் என்ன? நூறு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் விளங்கவில்லை. "மனக்கோளாறு" என்று பலர் தள்ளிவிட்டார்கள்.

சோற்றைக் கண்டு விழுந்த நாய்கள்

விடையைக் காட்டியவை நாய்கள்!

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிமென்ட் என்ற தூக்க ஆராய்ச்சி டாக்டர் இருந்தார். 1970களில் அவர் சில நாய்களை வளர்த்தார். டாபர்மேன், லாப்ரடார் இனத்தைச் சேர்ந்தவை. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும். ஆனால் பிடித்த தீனியைக் கண்டால் ஓடிவரும் வழியிலேயே பின்னங்கால் மடங்கிச் சரியும். கொஞ்ச நேரம் கழித்து எழும். இன்னொரு வாய் தின்னும். மறுபடி சரியும்.

நாய்க்கு நடிக்கத் தெரியுமா? வேலைக்குக் கள்ளம் தெரியுமா? காத்துக் கருப்பு பிடிக்குமா? இல்லையே! அப்படியானால் இது உடம்பில் உள்ள கோளாறு என்று அப்போதே தெளிவாகிவிட்டது.

இம்மானுவேல் மின்யோ என்ற டாக்டரின் குழு 10 ஆண்டு பாடுபட்டு, 1999இல் அந்த நாய்களின் உடம்பில் பிசகியிருந்த மரபணுவைக் கண்டுபிடித்தது.

அதற்கு முந்திய ஆண்டு, 1998இல், மூளையில் ஒரு புதிய ரசாயனப் பொருளை இரண்டு குழுவினர் தனித்தனியே கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு குழு அதற்கு "ஓரெக்சின்" என்று பெயர் வைத்தது. இன்னொரு குழு "ஹைப்போகிரெட்டின்" என்றது. பொருள் ஒன்றுதான். ஜப்பானியரான யானகிசாவாவின் குழு, இந்தப் பொருள் இல்லாத எலிகளை உருவாக்கி இரவில் காமிராவில் பார்த்தது. ஓடி விளையாடும்போதே எலிகள் சரிந்து விழுந்தன!

2000இல் மனிதர்களிடமும் இது உறுதியாயிற்று. நம் மூளைக்கு நடுவே, அடிப்பக்கத்தில், ஓரெக்சினைச் சுரக்கும் உயிரணுக்கள் சுமார் 70 ஆயிரம் இருக்கின்றன. இந்த வியாதி உள்ளவர்களுக்கு அவற்றில் நூற்றுக்கு 85 முதல் 95 வரை அழிந்துபோயிருக்கின்றன.

அழித்தது யார்? உடம்பைக் காக்க வேண்டிய காவல் படையே, பகைவன் என்று தவறாக நினைத்து, சொந்த உயிரணுக்களை அழித்துவிடுகிறது என்பதற்குப் பல அடையாளங்கள் கிடைத்துள்ளன.

மின்யோவுக்கும் யானகிசாவாவுக்கும் இதற்காக 2023ஆம் ஆண்டின் "பிரேக்த்ரூ" பரிசு கிடைத்தது. அறிவியலில் மிகப் பெரிய பணப் பரிசுகளில் அது ஒன்று.

பெல்ட் கழன்ற தறி

இந்த வியாதி எப்படி வேலை செய்கிறது? எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன்.

நாம் தூங்கும்போது கனவு காண்கிறோம். கனவில் ஓடுகிறோம். அடிக்கிறோம். ஆனால் படுக்கையில் உடம்பு அசைவதில்லை. ஏன்? கனவு நேரத்தில் மூளை கைகால்களைப் பூட்டிவிடுகிறது. இல்லாவிட்டால் கனவில் உதைக்கும் உதை பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் விழும். கண்ணையும் மூச்சையும் மட்டும் பூட்டாமல் விட்டுவைக்கிறது.

விழித்திருக்கும்போது அந்தப் பூட்டு விழாமல் காவல் காப்பது ஓரெக்சின். காவல்காரன் இல்லாவிட்டால்? சிரிப்போ ஆச்சரியமோ ஒரு தட்டுத் தட்டினால் போதும். பட்டப்பகலில், விழித்திருக்கும்போதே, பூட்டு விழுந்துவிடுகிறது.

தறியில் மோட்டார் ஓடும். பெல்ட் கழன்றிருக்கும். தறி நிற்கும். அதைப் பார்த்து "மோட்டார் கெட்டுவிட்டது" என்று சொல்வோமா? மாட்டோம். இங்கேயும் அப்படித்தான். மனம் ஓடுகிறது. உடம்பு நிற்கிறது.

நடு இரவில் விழிப்பு வந்து, எழ முடியாமல், நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்து அமுக்குவது போல் உங்களில் சிலருக்கு இருந்திருக்கும். "அமுக்குவான் பேய்" என்று பாட்டி சொல்லியிருப்பார். அதுவும் இதே பூட்டுத்தான். கனவு முடிந்து விழித்த பிறகும் பூட்டு திறக்கத் தாமதமாகிறது. அவ்வளவே. எப்போதோ ஒருமுறை வந்தால் பயப்பட வேண்டியதில்லை. நார்கோலெப்ஸி உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

இன்னும் ஒன்று கேளுங்கள். சிரிக்கும்போது நம் எல்லாருக்குமே தசை கொஞ்சம் தளரத்தான் செய்கிறது! 1999இல் ஆலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நல்ல உடம்புள்ளவர்களைச் சிரிக்கவைத்துச் சோதித்தார்கள். சிரிக்கும் நேரத்தில் கால் நரம்பின் துடிப்பு குறைந்தது தெரிந்தது.

நம் பெரியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. "சிரித்துச் சிரித்துக் கைகால் ஓய்ந்துபோச்சு" என்கிறோம். "கேட்டதும் கால் துவண்டுபோச்சு" என்கிறோம். நமக்குத் துளியாக இருப்பது அவர்களுக்கு வெள்ளமாக வருகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

"சிரிக்காதே" என்று சொல்லலாமா?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் பெற்றோர் முதலில் சொல்வது என்ன? "நீ சிரிக்காதே. கூட்டத்துக்குப் போகாதே. வீட்டிலேயே இரு."

அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் அது அன்பான சிறை.

காலில் முள் தைத்தால் முள்ளை எடுக்கிறோம். "இனி நடக்காதே" என்று சொல்வதில்லை. சிரிப்பு இந்த வியாதிக்குக் காரணம் அல்ல. அது கதவைத் தட்டும் கை மட்டுமே. தாழ்ப்பாள் கெட்டிருக்கிறது. தாழ்ப்பாளைச் சரிபார்க்க டாக்டர் இருக்கிறார். சிரிப்பை ஏன் தண்டிக்க வேண்டும்?

பெண் பிள்ளையாக இருந்தால் கொடுமை இரட்டிப்பு. "பொம்பளைப் பிள்ளைக்கு என்ன சிரிப்பு?" என்று ஏற்கெனவே அடக்குகிறோம். அவள் சிரித்து விழுந்தால், "பார்த்தாயா, சாமி தண்டிச்சிருச்சு" என்கிறோம். பள்ளிக்கூடத்தை நிறுத்துகிறோம். கல்யாணப் பேச்சு வந்தால் மறைக்கிறோம்.

மறைக்க என்ன இருக்கிறது? இது தொற்று வியாதி அல்ல. பைத்தியம் அல்ல. நோயாளியின் பிள்ளைக்கு இது வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். மறைத்துச் செய்யும் கல்யாணம்தான் பிறகு சண்டையில் முடிகிறது. சொல்லிச் செய்யுங்கள். புரிந்துகொண்டு வரும் குடும்பம் வரட்டும்.

ஆசிரியர்களுக்கும் முதலாளிகளுக்கும்

இந்த வியாதி பெரும்பாலும் 10 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. பள்ளிக்கூட வயது. வேலைக்குச் சேரும் வயது.

ஆசிரியர்களே! வகுப்பில் தினமும் தூங்கி விழும் பிள்ளையைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். "இரவு நன்றாகத் தூங்கினாயா? தூங்கியும் இப்படி இருக்கிறதா? சிரிக்கும்போது கால் துவளுகிறதா?" இந்த 3 கேள்வி ஒரு பிள்ளையின் 10 ஆண்டுகளைக் காப்பாற்றும். ஏனென்றால் வியாதி தொடங்கி, அது இன்னதென்று தெரியவே பலருக்கு 10 ஆண்டுகள் ஆகின்றன. வெளிநாடுகளிலேயே இந்த நிலைதான்.

முதலாளிகளே! உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் விழுகிறவனை எப்படி வைத்துக்கொள்வது? நியாயமான கேள்வி. அவனை ஓடும் தறியில் விடக் கூடாதுதான். டாக்டர் சரி என்று சொல்லும் வரை அவன் வண்டி ஓட்டவும் கூடாது. கிணற்று மேட்டிலும், மாடியின் கைப்பிடி இல்லாத ஓரத்திலும், அடுப்பின் அருகிலும் கவனம் வேண்டும். ஆற்றிலோ குளத்திலோ தனியே குளிக்கக் கூடாது.

ஆனால் குடோனில் தறி ஓட்டுவது ஒன்றுதான் வேலையா? துணி மடிக்க ஆள் வேண்டாமா? கணக்கு எழுத வேண்டாமா? பனியன் கம்பெனியில் துணி பார்த்துப் பிரிக்க ஆள் வேண்டாமா? மதியம் 20 நிமிடம் கண் அயர விட்டால், அடுத்த 2 அல்லது 3 மணி நேரம் தெளிவாக வேலை பார்ப்பான். தேநீருக்கு விடும் நேரத்தைவிட அது அதிகம் இல்லை.

இரவு வேலை அவனுக்கு ஆகாது. தூக்கம் முன்னும் பின்னும் மாறினால் வியாதி கூடும். திருப்பூர் முதல் வெள்ளகோவில் வரை ஷிப்டு வேலையில் ஓடும் நம் பகுதிக்கு இது முக்கியம். பகலில் தூங்கி விழும் எல்லாருக்கும் இந்த வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். பலருக்குத் தூக்கம் போதாததுதான் காரணம். ஆனால் வாரக்கணக்கில் ஒழுங்காகத் தூங்கியும் தீராத தூக்கம், சிரித்தால் கால் துவளுதல், இரண்டும் சேர்ந்திருந்தால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

அரசுக்கும் ஒரு சொல். 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. நாள்பட்ட நரம்பு வியாதிகள் அதில் உண்டு. ஆனால் நார்கோலெப்ஸி என்ற பெயர் அதில் இல்லை. பெயர் இல்லாததால் இவர்கள் சான்று கேட்டு அலைய வேண்டியிருக்கிறது. பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எங்கே போவது? என்ன செய்வார்கள்?

நரம்பியல் டாக்டரிடம் போங்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் கேளுங்கள். சென்னை, கோவை போன்ற நகரங்களில் தூக்கத்தைச் சோதிக்கும் கூடங்கள் உள்ளன. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியிலும் தூக்க வியாதிகளைப் பார்க்கிறார்கள்.

ஓர் இரவு அங்கே தூங்கச் சொல்வார்கள். உடம்பில் சிறு கம்பிகளை ஒட்டி மூளை, கண், தசை ஆகியவற்றின் நடப்பைப் பதிவு செய்வார்கள். வலி கிடையாது. மறுநாள் பகலில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, 4 அல்லது 5 தடவை, 20 நிமிடம் படுக்கச் சொல்வார்கள். சாதாரண மனிதனுக்குக் கனவுத் தூக்கம் வரச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். இவர்களுக்குச் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். அதிலிருந்து வியாதி தெரியும்.

முடிந்தால் வீட்டில் ஒரு காரியம் செய்யுங்கள். அவன் விழும்போது செல்போனில் படம் எடுத்து வையுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

அழிந்த உயிரணுக்களை மீண்டும் உண்டாக்க இன்று வழி இல்லை. ஆனால் வியாதியை அடக்கி வைக்கலாம். பகல் தூக்கத்துக்கு மொடாஃபினில், விழுகைக்கு வென்லஃபாக்ஸின் போன்ற மருந்துகளை டாக்டர்கள் கொடுக்கிறார்கள். நீங்களாகக் கடையில் வாங்கித் தின்னாதீர்கள். குணமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் நிறுத்தாதீர்கள். விழுகைக்கான மருந்தைத் திடீரென நிறுத்தினால் அடுத்தடுத்து விழுவார்கள்.

விழுந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஓடிப்போய்த் தாங்குங்கள். தலை அடிபடாமல் பாருங்கள். மெதுவாகப் படுக்க வையுங்கள். முகம் தரையில் அழுந்தியிருந்தால் திருப்பிவிடுங்கள்.

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாது. புரை ஏறிவிடும். இரும்பு கொடுக்க வேண்டாம். கன்னத்தில் அடிக்க வேண்டாம். கூட்டம் கூட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "பயப்படாதே கண்ணு, நான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். அவனுக்கு அது கேட்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. உணர்ச்சிவசப்பட்டு விழும் எல்லாமே இந்த வியாதி அல்ல. நினைவு தப்பினால், உடம்பு வெட்டி இழுத்தால், நாக்கைக் கடித்தால் வலிப்பாக இருக்கலாம். பயத்திலோ ஓட்டத்திலோ நினைவு தப்பி விழுந்தால் இதயக் கோளாறாக இருக்கலாம். அது ஆபத்து. வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை ஒரு கால் மட்டும் விழுந்தால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108க்குப் போன் செய்யுங்கள். "சிரிச்சா விழறவன்தானே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

தம்பி சொன்னது

என் தம்பி இப்போது எப்படி இருக்கிறான்?

துணி மடிக்கும் வேலை பார்க்கிறான். பகல் வேலை. மதியம் சாப்பிட்டுவிட்டு 20 நிமிடம் தூங்குகிறான். அந்த முதலாளி அதற்கென்று ஒரு பாய் போட்டுக் கொடுத்திருக்கிறார். மருந்து தவறாமல் சாப்பிடுகிறான். கல்யாணம் ஆகிவிட்டது. பெண் வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் செய்தோம். 4 வயதில் ஒரு பெண் குழந்தை.

டாக்டர் வியாதியின் பெயரைச் சொன்ன அன்று மாலை நான் அவனிடம் போய், "அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன் தம்பி" என்றேன்.

"நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சுங்ணா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தை இன்னும் என்னைச் சுட்டுக்கொண்டிருக்கிறது.

போன தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தை அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டாக்டர் மாதிரி நடந்து காட்டினாள். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரில் சாய்ந்தான். கால் லேசாகத் துவண்டது. மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தான். மனைவி பதறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையும் ஓடி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. அரை நிமிடம். பிறகு அவன் கை எழுந்து குழந்தையின் தலையைத் தடவியது.

மறுபடியும் சிரித்தான்.

வாசகர்களே! உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். விழுந்து கிடக்கும்போது நீங்கள் சொல்வது அவர் காதில் விழும். பார்த்துச் சொல்லுங்கள்.